லவ்பேர்ட்ஸின் நகத்தை வீட்டிலேயே வெட்டலாமா?

கேட்டவர் திருகோணமலைக்காரர். லவ்பேர்ட்ஸின் நகம் நீண்டு கூட்டுக் கம்பியில் மாட்டுகிறதாம், வீட்டில் வெட்டப் பயமாக இருக்கிறதாம். நம்மூரில் லவ்பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளியைத்தான். நானும் உவர்மலையில் பட்ஜி வளர்க்கிறவன்தான்.

கம்பியில் மாட்டுகிறது என்றால் வெட்டத்தான் வேண்டும். கூராக இருக்கிறது, கையைக் கீறுகிறது, அவ்வளவுதான் என்றால் நுனியை அரத்தால் லேசாகத் தேய்த்துவிட்டாலே போதும்.

எல்லோரும் ரத்தம் வந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் பிடிக்கிற கையில்தான். பறவைகளுக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பறந்துவிடுமே என்று நெஞ்சைச் சுற்றி இறுக்கினால் மூச்சடைத்துச் செத்தே போகலாம்.

அதனால் இரண்டு பேராகச் செய்யுங்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, பழைய சாரத் துண்டொன்றால் பின்பக்கமாக மூடிப் பிடியுங்கள். துவாய் வேண்டாம், அதன் நூலில் நகம் சிக்கும். முதுகு உள்ளங்கையில் இருக்கட்டும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் தாடையின் இரண்டு பக்கமும் மெல்லப் பிடித்திருந்தால் கடிக்காது. நெஞ்சில் எந்த விரலும் படக்கூடாது. வாயைத் திறந்து இளைத்தால் உடனே விட்டுவிடுங்கள், மிச்ச நகத்தை நாளைக்குப் பார்க்கலாம். கச்சான் வீசும் மாதங்களில் விடியற்காலையிலேயே செய்துவிடுவது நல்லது. மத்தியான வெக்கையில் பறவை சும்மா இருந்தாலே இளைக்கும்.

குழந்தைகளுக்கான நகவெட்டி பட்ஜிக்குச் சரியாக இருக்கும். வெளிறிய நகமென்றால் பின்னால் டோர்ச் பிடியுங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக ரத்தக்குழாய் தெரியும். அதற்கு நன்றாக முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது, எள்ளளவு எள்ளளவாகத்தான் எடுக்கவேண்டும்.

வெட்டத் தொடங்குமுன்னே ஒரு மூடியில் கொஞ்சம் சோளமா எடுத்து வையுங்கள். ரத்தம் கசிந்தால் நுனியில் அதை அப்பி, விரலால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடிக்கவேண்டும். 35 கிராம் பட்ஜியின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 3 மில்லிலீட்டர்தான். ஓரிரு சொட்டுக்குப் பதற வேண்டாம். நிற்காமல் சொட்டினால் மட்டும் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம், கூட்டோடு வரும் வழவழப்பான உருண்டைக் குச்சியை எடுத்துவிட்டு கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ தடிப்பும் மெல்லிசுமாகக் கட்டிப் பாருங்கள். நடக்க நடக்க நகம் கொஞ்சம் தானே தேயும். மண்தாள் சுற்றிய குச்சியை வாங்காதீர்கள், பாதத்தைப் புண்ணாக்கும்.

வெட்டியும் நகம் மளமளவென்று வளர்கிறதா, சொண்டும் சேர்ந்து நீள்கிறதா? தினை மட்டுமே தின்னும் பட்ஜிகளுக்கு ஈரல் கெட்டால் அப்படி ஆவதுண்டு. சொண்டிலும் காலிலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் அது உண்ணியாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியர்தான், நகவெட்டியால் ஒன்றும் ஆகாது.