வாசகர் கேள்வி-பதில்: ராணுவம் வகுப்பறைக்குள் வராது

கேள்வி: கையில் ஃபைலோடு ஒரு கறுப்பினப் பெண் தனியாக நடந்து போக, பின்னால் வெள்ளைக்காரக் கும்பல் கத்துகிற படத்தை எங்கள் டீச்சர் காட்டினார். அப்புறம் ராணுவம் வந்து அந்தப் பெண்ணைப் பள்ளிக்குள் கொண்டுபோய் விட்டதாம். அதோடு பிரச்சினை முடிந்துவிட்டதா? – பிளஸ் ஒன் மாணவி, வியாசர்பாடி

பதில்: எங்கே முடிந்தது! அந்தப் பெண் எலிசபெத் எக்ஃபோர்ட், வயது 15. நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அர்கான்சாஸ் மாநிலம் லிட்டில் ராக் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் 9 கறுப்பினப் பிள்ளைகள் சேர 1957 செப்டம்பர் ஆகிவிட்டது. எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று முதல் நாள் ராத்திரி முடிவாகிறது, எலிசபெத் வீட்டில் போன் இல்லாததால் அவளுக்கு மட்டும் தகவல் போகவில்லை. தானே தைத்த புது உடையைப் போட்டுக்கொண்டு 4ஆம் தேதி தனியாகப் போய் இறங்கினாள். ஆளுநர் ஃபாபஸ் (அங்கே ஆளுநர் தேர்தலில் ஜெயித்து வருகிறவர், நம் முதல்வர் மாதிரி) நிறுத்திவைத்த மாநிலப் படை, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வழிவிட்டு இவளை மட்டும் மறித்தது. கும்பல் பின்னால் கத்திக்கொண்டே வர, பஸ் ஸ்டாப் பெஞ்சு வரைக்கும் நடந்து போய் உட்கார்ந்தாள்.

அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பிய பிறகு, 25ஆம் தேதி 9 பேரும் உள்ளே போனார்கள். ஆளுக்கு ஒரு சிப்பாய் துணை. சிப்பாய் வகுப்பு வாசல் வரைக்கும் வருவான், பாத்ரூமுக்குள் வர முடியுமா? படிக்கட்டில் தள்ளிவிடுவது, மேலே துப்புவது என்று எல்லாம் வருஷம் முழுக்க நடந்தது. மின்னிஜீன் பிரவுன் என்ற பெண்ணைச் சாப்பாட்டுக்கூடத்தில் பையன்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு மறிக்க, அவள் தட்டில் இருந்த குழம்பு அவர்கள் தலையில் கொட்டியது. சஸ்பெண்ட் ஆனது அவள்தான், 1958 பிப்ரவரியில் பள்ளியைவிட்டே அனுப்பிவிட்டார்கள். 'ஒன்று போச்சு, இன்னும் எட்டு' என்று சீட்டு அச்சடித்து வகுப்பில் சுற்றவிட்டார்களாம். எனக்கு அந்தக் கும்பலைவிட இந்தச் சீட்டுதான் பயமாக இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு அவமானப்பட்டு அங்கேயே படிக்கணுமா? அவர்களுக்கென்று பள்ளி இருந்ததே. – ராயபுரம் வாசகர்

பதில்: இருந்தது, காசு இல்லாமல். வெள்ளையர் பள்ளியில் படித்துக் கிழிந்த பழைய புத்தகம்தான் பல இடங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வரும். சென்ட்ரலோ லேப், அரங்கம் என்று பெரிய பள்ளி. ஆனால் சேர்ந்த பிறகும் விளையாட்டு, பேண்டு எதிலும் சேரக் கூடாது, அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது என்று நிபந்தனை. இதையும் தாங்கி, அந்த 9 பேரில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் 1958 மே மாதம் பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினார். விழாவில் அவர் பெயரைக் கூப்பிட்டதும் கைதட்டல் அப்படியே நின்றுபோனது. அன்று அவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவர் மார்ட்டின் லூதர் கிங்.

கேள்வி: அடுத்த வருஷமாவது அமைதியாகப் போனதா? – தண்டையார்பேட்டை

பதில்: அடுத்த வருஷம் பள்ளியே இல்லை. சேர்ந்து படிப்பதைவிடப் படிக்காமலே இருக்கட்டும் என்று 1958-59இல் நகரின் உயர்நிலைப் பள்ளிகளை எல்லாம் மூடிவிட்டார் ஃபாபஸ். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் நஷ்டம். கூத்து என்னவென்றால், ஃபுட்பால் மேட்ச் மட்டும் நடந்தது.

கேள்வி: எங்கேயோ நடந்த கதை, நம் பிள்ளைகளுக்கு எதற்கு? – ஒரு தகப்பன், கொருக்குப்பேட்டை

பதில்: சாதி பார்த்துப் பொதுப் பள்ளியில் சேர்க்க மறுத்த பிள்ளைகளுக்காகப் பழைய மதராஸ் மாகாணத்தில் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகள் திறந்தது தெரியுமா? அது போகட்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளக் கயிறு கட்டத் தடை வேண்டும், பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. இது தெற்குச் சமாச்சாரம் என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் பிள்ளை மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், எந்தப் பையனை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று இன்றைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அடி, மிரட்டல் என்று ஏதாவது வந்தால் ஹெட்மாஸ்டரிடம் எழுத்தில் கொடுங்கள், அங்கே அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.