பிராடோவில் எதைப் பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் குடும்பத்தோடு பாரிஸ் லூவர் மியூசியத்துக்குப் போனோம். காலையிலிருந்து மாலை வரை நடந்தும், வெளியே வந்தபோது கால்வலி தவிர எதுவும் மிஞ்சவில்லை. எனக்குக் கலை ரசனையே இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. வரும் டிசம்பரில் மாட்ரிட் போகிறோம். அங்கே பிராடோ மியூசியத்துக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். தவறவிடக் கூடாத படங்கள் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

க.

அன்புள்ள க.,

உங்கள் ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு பெயர் தருகிறேன்: ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா.

பிராடோ 1819-ல் திறக்கப்பட்டது. ஸ்பெயின் அரசர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த படங்கள்தான் அதன் அடித்தளம். உலகக் கலை முழுவதையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை அதற்குக் கிடையாது. அரசர்களுக்குப் பிடித்த சிலர் அங்கே குவிந்திருக்கிறார்கள். அதனால் கோயா முப்பது வயதில் வரைந்ததையும் எழுபது தாண்டி வரைந்ததையும் ஒரே கட்டடத்தில் பார்த்துவிடலாம்.

மேல்தளத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்குங்கள். அரண்மனைச் சுவர்களுக்கான திரைச்சீலைகளை நெசவாளர்கள் பார்த்து நெய்வதற்காக கோயா வரைந்து கொடுத்த மாதிரிப் படங்கள் மேலே இருக்கின்றன. 1777-ல் வரைந்த ‘குடை’யைப் பாருங்கள். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குட்டி நாய். ஓர் இளைஞன் பச்சைக் குடையால் அவள் முகத்துக்கு நிழல் கொடுக்கிறான். கவலை என்பதே தெரியாத வெளிச்சம் அது.

1790-களின் தொடக்கத்தில் ஒரு நோய் வந்து கோயாவுக்குக் காது கேட்காமல் போனது. அதற்குப் பிறகு, 1800-ல் வரைந்ததுதான் முதல் தளத்தில் இருக்கும் ‘நான்காம் கார்லோஸின் குடும்பம்’. பட்டும் பதக்கங்களும் மின்ன ஸ்பெயின் அரச குடும்பத்தார் எல்லோரும் நிற்கிறார்கள். கோயா அவர்களைக் கேலி செய்தார் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகங்களைப் பார்த்தபடி வரைந்திருக்கிறார், முகஸ்துதி இல்லாமல்.

அப்புறம் தரைத்தளம். நெப்போலியனின் படையை எதிர்த்துக் கிளம்பிய மாட்ரிட் மக்கள் 1808 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை 1814-ல் வரைந்தார். சுடும் வீரர்களின் முகம் ஒன்றுகூடத் தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரன் கைகளை விரித்து நிற்கிறான். அவன் முகம்தான் முழு வெளிச்சத்தில் இருக்கிறது.

‘கருப்பு ஓவியங்கள்’ 14-ம் அந்தத் தளத்தில்தான். வயதான காலத்தில் மாட்ரிட்டுக்கு வெளியே தன் வீட்டுச் சுவர்களில் வரைந்தவை. விற்பதற்காக அல்ல, யாரும் கேட்டும் அல்ல. தலைப்புகள்கூட மற்றவர்கள் பின்னால் வைத்தவை. 1870-களில் அவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள், அதில் கொஞ்சம் சேதமும் ஆனது. தன் பிள்ளையைத் தின்னும் ரோமானியக் கடவுள் சாட்டர்னின் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் நிற்கும். நீங்கள் ‘நாய்’ முன்னால் நில்லுங்கள். படம் முழுக்க வெறும் மங்கலான மஞ்சள், கீழே சரிவுக்கு மேல் ஒரு நாயின் தலை மட்டும். அது மூழ்குகிறதா, யாரையாவது எதிர்பார்த்துத் தலையை நீட்டுகிறதா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. மேல்தளத்தில் மடியில் செல்லமாக ஒரு நாயை வரைந்த அதே கைதான் இது. இதைத் தனியாகப் பார்ப்பவருக்கு அந்தத் தூரம் தெரியாது, அதனால்தான் மேலிருந்து இறங்கச் சொல்கிறேன்.

மாலையில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம்தான், ஆனால் வரிசை நீளமாக இருக்கும். டிக்கெட்டை முன்பே வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். நேரம் மிச்சமிருந்தால் முதல் தளத்தில், கோயாவுக்கு முந்தைய நூற்றாண்டின் ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் தன்னையும் சேர்த்து வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ பாருங்கள். கோயா இளம் வயதில் அதைப் பார்த்துச் செப்புத்தகட்டில் பிரதி எடுத்திருக்கிறார். ‘நான்காம் கார்லோஸின் குடும்பம்’ படத்தின் ஓரத்தில், வெலாஸ்கெஸைப் போலவே கோயாவும் வரைவதற்கான பெரிய துணிச்சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். இரண்டையும் பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.