சம்பளம் நாலாயிரம் குறைவு, ஆனால் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஜிஎன்எம் என்ற நர்ஸிங் டிப்ளமோ முடித்து, தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று உங்கள் ஊரிலேயே இருபது படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. சம்பளம் 18,000, சாப்பாடு வீட்டில். இன்னொன்று மதுரையில் 300 படுக்கை உள்ள மருத்துவமனை. சம்பளம் 14,000, ஹாஸ்டலில் தங்க வேண்டும், முதல் மூன்று மாதம் டிரெயினி என்றுதான் எழுதுவார்கள். "மூணு வருஷம் படிச்சு முடிச்ச பிள்ளைக்கு மறுபடியும் எதுக்கு டிரெயினிங்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதுரைக்கு அனுப்புங்கள் என்பதுதான் என் பதில்.

முதலில் சம்பள விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தனியார் மருத்துவமனை நர்ஸுகளுக்கு என்ன சம்பளம் கொடுக்கலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தால் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் போனால் மாநில அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு இடமுமே உங்கள் மகளுக்குக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள், அதிலும் பெரிய மருத்துவமனை குறைத்திருப்பது அதிகம். அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு நம் முன்னால் இருப்பது இந்த இரண்டு கதவுகள்தான். இதில் எந்தக் கதவு இன்னொரு கதவுக்குக் கொண்டுபோய் விடும் என்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு நர்ஸ் உண்டு, என் அக்கா. வீட்டுக்குப் பக்கம் என்று ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்ந்து பதினோரு வருடம் வேலை பார்த்தாள். நரம்பே தெரியாத கைக்குழந்தைக்கும் ஒரே குத்தில் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட்டுவிடுவாள். டிரிப்ஸ், டிரெஸ்ஸிங், ஓபி கூட்டம் எல்லாம் அத்துப்படி. அந்தப் பதினோரு வருடத்தில் அவளுக்கு ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. சீரியஸ் கேஸ் வந்தால் ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் வென்டிலேட்டரை அவள் தொட்டதே இல்லை. முப்பத்து நாலு வயதில் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு இன்டர்வியூ போனாள். ஏபிஜி என்ற, ரத்தத்தில் ஆக்சிஜன் போன்ற வாயுக்களின் அளவைக் காட்டும் ரிப்போர்ட் ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை யாரோடும் பேசவில்லை. திறமை இல்லாமல் போனது அல்ல ஐயா, கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனது. இப்படி வழி சொல்லும் வேலைக்கு நான் வந்த பிறகு, எந்த நர்ஸ் பிள்ளையின் அப்பா அம்மா கேட்டாலும் சம்பளத்துக்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி அங்கே யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதுதான்.

கல்லூரியில் படித்தது எதற்கு என்றால், உயிருக்கு ஆபத்து இல்லாமல் வார்டுக்குள் நுழைவதற்கு. மற்றதெல்லாம் வார்டில்தான். ஒரு நல்ல மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை முதல் நாளே தனியாக டியூட்டியில் விட மாட்டார்கள். சில நாள் வகுப்பு இருக்கும். கை கழுவும் முறை, தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது, மருந்துக் கணக்கு, தீப்பிடித்தால் நோயாளியை எப்படி வெளியே கொண்டுவருவது என்று தொடங்குவார்கள். பிறகு ஒரு சீனியர் சிஸ்டரோடு சேர்த்துவிடுவார்கள். அவர் பக்கத்தில் நிற்க, இவள் செய்ய வேண்டும். மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப் செட் பண்ணுவது, சளியை உறிஞ்சி எடுக்க சக்ஷன் போடுவது, ரத்தம் ஏற்றும்போது முதல் கால் மணி நேரம் நோயாளியை விட்டு நகராமல் இருப்பது, நைட் முடிந்து அடுத்த ஷிப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது எதையும் விடாமல் சொல்வது என ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாகச் செய்கிறாள் என்று அந்த சிஸ்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனியாக விடுவார்கள். டிரெயினி என்ற சொல்லுக்கு நல்ல இடங்களில் அர்த்தம் இதுதான்.

மோசமான இடங்களில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. சம்பளத்தைக் குறைக்க டிரெயினி என்று எழுதிவிட்டு, இரண்டாம் நாளே நைட்டில் இருபது நோயாளியை ஒப்படைப்பார்கள். வகுப்பு நடந்ததாக ரிஜிஸ்டரில் கையெழுத்து மட்டும் வாங்குவார்கள். அதனால் சேருவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும். என்ஏபிஹெச் (மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள மருத்துவமனை என்றால் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்குக் கணக்கு வைத்தாக வேண்டும், ஆகவே அது இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சி வகுப்புகளுக்கென்று தனியாக ஒரு நர்ஸிங் டியூட்டர் இருக்கிறாரா? பிஎல்எஸ் என்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்கு மருத்துவமனையே பணம் கட்டுமா? ஒரு வருடத்துக்குள் வேறு வார்டுகளுக்கும் மாற்றிப் போடுவார்களா? இதையெல்லாம் உங்கள் மகளே இன்டர்வியூவில் கேட்கலாம். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள், கற்றுக்கொள்ள வந்த பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். எல்லாவற்றையும் விட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசல் டீக்கடைப் பக்கம் நின்று, வெளியே வரும் பிள்ளைகளிடம் பேசச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அங்கேயே வைத்துவிட்டு வரக் கூடாது. இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று எழுதித் தரும் பாண்டு பத்திரம் நீட்டினால், எத்தனை வருடம், நடுவில் நின்றால் எவ்வளவு என்று வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடட்டும்.

அப்புறம், ஒரு ஃபைல் வாங்கிக் கொடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பிள்ளைகள் பலர் கோட்டைவிடும் இடம் இது. நர்ஸ் பதிவை 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 150 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதி. கருத்தரங்கு, பயிற்சி முகாம், எதற்குப் போனாலும் சான்றிதழை அன்றைக்கே ஃபைலில் வைக்க வேண்டும். எந்த வார்டில் எத்தனை மாதம் இருந்தாள், என்னென்ன தானாகச் செய்தாள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது "ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார்" என்று மட்டும் எழுதி வாங்காமல், ஐசியூவா டயாலிசிஸா என்று வார்டு பெயரோடு வாங்க வேண்டும்.

இரண்டு வருடம் போன பிறகு வழிகள் நிறைய. போஸ்ட் பேசிக் பிஎஸ்சி 2 வருடம் படித்தால் பட்டதாரி ஆகிவிடுவாள். வேலையை விட முடியாது என்றால், பணியில் இருக்கும் நர்ஸுகளுக்கென்றே இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 3 வருடப் படிப்பு இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பட்டம் வேண்டாம், ஒரு துறையில் ஆழமாகப் போகலாம் என்றால், தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, மனநலம், முதியோர் நலம் எனத் துறைவாரியாக 1 வருட டிப்ளமோக்கள் உள்ளன. ஒரு வருட வார்டு அனுபவம் இருந்தால்தான் அவற்றில் சேர முடியும். பட்டத்துக்குப் பிறகு ஐசியூவில் தொடர விரும்பினால் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற 2 வருட முதுநிலைப் படிப்பும் வந்திருக்கிறது. அரசு வேலைக்கு எம்ஆர்பி (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வரும்போதெல்லாம் எழுதட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போய் வலி தணிப்புச் சிகிச்சை தரும் வேலையும் நர்ஸுகளுக்கு இருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுமை உங்கள் மகளுக்கு உண்டு என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, கடைசியாக அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. பதிவான பிறகும் 3 வருடத்துக்கு ஒரு முறை 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்டியாக வேண்டும். அங்கேயும் படிப்பு ஓய்வதில்லை. ஆனால் உங்கள் உறவுக்காரர் சொன்ன ஏஜென்ட், "நர்ஸ் வேலை பிறகு பார்க்கலாம், இப்போது கேர் ஒர்க்கர் (பராமரிப்புப் பணியாளர்) விசாவில் போகட்டும், எட்டு லட்சம் கட்டுங்கள்" என்கிறாரே, தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர்களை எடுக்கும் அந்த வழியை இங்கிலாந்து அரசு 2025 ஜூலை 22-இல் மூடிவிட்டது. வெளிநாடு போகவேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

நைட் டியூட்டி, தனியாக ஹாஸ்டல், நாளைக்குக் கல்யாணப் பேச்சு என்று உங்கள் மனைவி கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, எங்கள் அம்மாவும் அதே கவலையில்தான் அக்காவை ஊரிலேயே வைத்துக்கொண்டார். சேருவதற்கு முன்னால் அம்மாவையே மதுரைக்கு அழைத்துப் போங்கள். ஹாஸ்டலுக்கும் வார்டுக்கும் எவ்வளவு தூரம், நைட் முடிந்தால் எப்படித் திரும்புகிறார்கள், வார்டன் யார் என்று அவரே பார்க்கட்டும். அங்கே மனதுக்குச் சரிப்படவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், கற்றுக்கொடுக்கிற வேறு இடங்களை உங்கள் மகளோடு சேர்ந்து தேடுவோம்.