மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெட்டி

கேள்வி: என் கணவர் சட்டமன்ற உறுப்பினர். முதல் முறை நின்றே ஜெயித்தவர். நானும் அவரோடு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன். பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து என்ன பேசினாலும் எடுபடவில்லை என்று அவருக்குச் சலிப்பு. ஆனால் டிவி விவாதங்களில் நன்றாகப் பேசுகிறார் என்று பெயர் வாங்கிவிட்டார். இப்போது ஒரு செய்திச் சேனல், தினமும் இரவு 9 மணி நிகழ்ச்சியை நடத்தித் தரும்படி கூப்பிடுகிறது. சம்பளம் இப்போது வாங்குவதைப் போலப் பல மடங்கு. பதவியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டுமாம். அடுத்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் அநேகமாக முடிவெடுத்துவிட்டார். மனு வாங்குகிற முன்னறையில் விளக்கும் கேமராவும் வைத்து ராத்திரியில் ஒத்திகை பார்க்கிறார். அங்கே கிடந்த மனுக்களை அட்டைப்பெட்டியில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம். அப்பா இனிமேல் வீட்டில் இருப்பார் என்று குழந்தைகளுக்குச் சந்தோஷம். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 8. ‘குடும்பத்துக்காக விலகுகிறேன்’ என்று அறிக்கை கொடுக்கப் போகிறார். அப்போது நானும் குழந்தைகளும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிறார். எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பணத்துக்காகப் போய்விட்டார் என்று உறவுக்காரர்களும் கட்சிக்காரர்களும் பேசுவார்கள். அதை எப்படிச் சமாளிப்பது?

– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: யார் என்ன பேசுவார்கள் என்பது பிறகு. முதலில் அந்தப் பெட்டிக்கு வாருங்கள்.

இவ்வளவு பெரிய கடிதத்தில் அதை அரை வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் அந்த அரை வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘வைத்திருக்கிறார்’ என்று நீங்கள் எழுதவில்லை, ‘வைத்திருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார் என்றால் மறுபக்கத்தைப் பிடித்தது நீங்கள். அதில் எத்தனை மனு இருந்தது என்று எண்ணினீர்களா? எத்தனைக்குப் பதில் போயிருக்கிறது? ஒன்றையாவது பிரித்துப் படித்தீர்களா? ராஜினாமா செய்வது சரியா, செய்தால் எப்படிச் சொல்வது என்று இப்போது யோசிக்கிறீர்கள். அந்தப் பெட்டி படிக்குக் கீழே போன அன்றைக்கே அவர் ராஜினாமா செய்துவிட்டார் அம்மா. சபாநாயகர் கையில் கடிதம் கொடுப்பதுதான் பாக்கி.

மனு என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது. என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு வர வேண்டிய ஓய்வூதியம், பெயரில் ஒரு எழுத்துப் பிழையால் நின்றுபோனது. தொகுதி உறுப்பினரிடம் நேரில் போய் மனு கொடுத்தோம். அவர் நல்ல மனிதர். உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். மனுவின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். “நானே பேசுகிறேன் அம்மா, கவலைப்படாமல் போங்கள்” என்றார். நான்கு மாதம் கழித்து அவருக்கு வேறு பெரிய வேலை அமைந்தது. பதவியை விட்டுவிட்டுப் போய்விட்டார். இடைத்தேர்தல் நடந்து புதியவர் வரும்வரை அந்த அலுவலகத்தில் ஓர் உதவியாளர் மட்டும் இருந்தார். பழைய மனுக்கள் எங்கே போயின என்று அவருக்கும் தெரியவில்லை. “மறுபடி ஒன்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அம்மா அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார். அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனாவை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்.

விட்டுவிட்டுப் போனவர் மேல் லஞ்சப் புகார் எதுவும் கிடையாது. யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உங்கள் படிக்குக் கீழே அப்படி எத்தனை அம்மாக்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது.

பதவியில் இருப்பவர்கள் வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வருவது புதிதில்லை. அதனால் உங்கள் கணவரின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு கேள்வி கேட்க வாரக்கணக்கில் காத்திருந்து, கிடைத்த சில நிமிடத்தில் பேசி, மணி அடித்ததும் உட்கார வேண்டும். ஸ்டூடியோவில் மணி அவர் கையில் இருக்கும். சபையில் முகம் கொடுக்காத அமைச்சர் அங்கே எதிரில் வந்து உட்காருவார். கொறடா உத்தரவு இல்லை, வாக்கெடுப்பில் தோற்க வேண்டியதில்லை. ஒரு பாலத்துக்கு அலைந்து அலைந்து வருடங்கள் போனபிறகும் அடிக்கல்லில் இன்னொருவர் பெயர் இருக்கும். ஒரு நறுக்கென்ற கேள்விக்கு அன்றிரவே ஊரெல்லாம் கைதட்டும். அந்தக் கைதட்டலின் ருசி தெரிந்தவருக்கு மனுவின் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை போய்விடும். பணத்தைவிட இதுதான் பெரிய இழுப்பு. பணம் அதற்கு மேல் வருவது.

உங்கள் கணவர்தான் முதல் ஆள் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் பிரையன் வால்டன் 1977-லும் மேத்யூ பாரிஸ் 1986-லும் நாடாளுமன்றத்தை விட்டுவிட்டு ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தப் போனார்கள். பாரிஸ் உட்கார்ந்த இரண்டே வருடத்தில், 1988-ல், அந்த நிகழ்ச்சியே நின்றுபோனது. அவர் காலி செய்த தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் அவர் கட்சி 100 ஓட்டில் தப்பியது. ராபர்ட் கில்ராய்-சில்க்கும் 1986-ல்தான் போனார். உள்ளூரில் சொந்தக் கட்சிக்காரர்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போயிருந்தவர். காலை நேர நிகழ்ச்சியில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தார். அவர் எழுதிய ஒரு கட்டுரையால் 2004-ல் சர்ச்சை வெடித்து நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் சூசன் மோலினாரி 1996-ல் தன் கட்சியின் தேசிய மாநாட்டில் முக்கிய உரை ஆற்றியவர். அடுத்த வருடமே காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டுச் சனிக்கிழமை காலைச் செய்தி நிகழ்ச்சிக்குப் போனார். அந்த வேலை ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை.

சாரா பேலினையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளுநராக இருந்தவர், பதவிக்காலம் முடிய ஒன்றரை வருடம்கூட இல்லாதபோது, 2009 ஜூலை 3 அன்று விலகுவதாக அறிவித்தார். அதே மாதம் 26-ஆம் தேதி பொறுப்பை ஒப்படைத்தார். தன் மேல் அடுக்கடுக்காகப் போடப்பட்ட புகார்களும் வழக்குச் செலவும்தான் காரணம் என்றார். அந்தப் புகார்களில் பெரும்பாலானவை தள்ளுபடியானவைதான், அதனால் அவர் சொன்னது முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நவம்பரில் அவர் புத்தகம் வந்தது. அடுத்த ஜனவரியில் ஒரு பெரிய செய்திச் சேனலில் சேர்ந்தார். 2022-ல் அதே அலாஸ்கா மக்களிடம் காங்கிரஸுக்கு ஓட்டுக் கேட்டு நின்றார். சில மாத இடைவெளியில் இரண்டு தேர்தல், இரண்டிலும் தோற்றார்.

இவர்கள் கெட்டவர்கள் என்று சொல்வதற்காக இதையெல்லாம் எடுக்கவில்லை. பாரிஸ் பிற்காலத்தில் பேர்பெற்ற பத்தி எழுத்தாளர் ஆனார். ஊடகமும் மரியாதையான தொழில்தான், அதில் இருந்துகொண்டுதான் நானும் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். இரண்டு வருடம் ஏன் காத்திருக்க முடியாது? உங்கள் கணவரைச் சேனலிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: “பதவிக்காலம் முடிந்ததும் வருகிறேன், எடுத்துக்கொள்வீர்களா?” எடுத்துக்கொள்வோம் என்றால் அவர்கள் விரும்புவது அவருடைய பேச்சை. வேண்டாம், இப்போதே வா என்றால் அவர்களுக்கு வேண்டியது அந்த நாற்காலியின் சூடு. அந்தச் சூடு எத்தனை நாள் இருக்கும்? அந்த நாற்காலி உங்கள் வீட்டுச் சொத்தும் இல்லை. வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் ஐந்து வருடத்துக்கு என்று நம்பிக் கொடுத்தது. அதில் மூன்றை மட்டும் உட்கார்ந்துவிட்டு மிச்சத்தைச் சேனலுக்கு விற்கிறார்.

1624-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. உறுப்பினர் தன் விருப்பத்துக்குப் பதவி விலக முடியாது என்று. உறுப்பினராக இருப்பதை அதிகாரமாகப் பார்த்ததைவிடச் சுமந்தே தீர வேண்டிய கடமையாகப் பார்த்த காலம் அது. அந்த விதி இன்றைக்கும் இருக்கிறது. அங்கே நடுவில் விலக நினைப்பவர், அரசரின் கீழ் பெயருக்கு மட்டும் இருக்கும் ஒரு பதவியைக் கேட்டு வாங்கி, அதனால் தகுதி இழந்துதான் வெளியே போக முடியும். நான் மேலே சொன்ன மூன்று பிரிட்டிஷ்காரர்களும் இந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். நானூறு வருடமாக அந்த விதியை அவர்கள் எடுத்துவிடாமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கிளம்புகிறவரை ஒரு நிமிடமாவது நிறுத்தி, நீ விட்டுப்போவது என்ன என்று கேட்கிற விதி அது.

இப்போது அந்த அறிக்கை. ‘குடும்பத்துக்காக.’ இதற்குத்தான் உங்கள் மேல் எனக்குக் கோபம். இரவு 9 மணிக்கு நிகழ்ச்சி என்றால் அவர் மாலை ஐந்துக்காவது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தலைப்பு பேச வேண்டும், விருந்தினர் யார் என்று முடிவு செய்ய வேண்டும், ஒப்பனை போட வேண்டும். முடித்துவிட்டு வீடு வந்து சேரப் பதினொன்று ஆகும். 8 வயதுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைக்கும்போது அப்பா கிளம்பிக்கொண்டிருப்பார், திரும்பி வரும்போது அவன் தூங்கிப்போயிருப்பான். இந்தக் கணக்கைக் கடிதம் எழுதும்போது நீங்கள் போட்டுப் பார்க்கவில்லையா? அப்பா வீட்டில் இருப்பார் என்று குழந்தைகளிடம் சொன்னது யார்?

வீட்டில் உண்மையாகவே ஒரு கஷ்டம் வந்து, பிள்ளைக்கு நோயோ பெற்றவருக்கு முடியாமலோ போய், அதற்காகப் பதவியை விடுகிறவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எந்தத் தொகுதியையும்விட அந்தக் கடமை பெரிது. அதனாலேயே அந்த வார்த்தையை வேறு காரியத்துக்குக் கடன் வாங்கக் கூடாது. கேமரா முன்னால் குழந்தைகளை நிறுத்தாதீர்கள். பெரியவளுக்கு இன்னும் சில வருடத்தில் விவரம் தெரிந்துவிடும். அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பார்ப்பாள். அப்பா சொன்ன பொய்க்குப் பக்கத்தில் தான் தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டு நின்றதைப் பார்ப்பாள். அப்போது அவள் கேள்வி கேட்கப்போவது அப்பாவிடம் இல்லை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய உங்களிடம்தான்.

மனைவி என்றால் கணவர் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. பக்கம் நிற்பது என்றால் அவர் சறுக்கும்போது தோளைப் பிடித்து நிறுத்துவதும் சேர்த்துத்தான். நீங்களும் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்களும் இருப்பார்கள். வாக்குக் கொடுத்ததில் உங்களுக்கும் பாதி இருக்கிறது.

பணத்துக்காகப் போனார் என்று பேசுவார்களே என்கிறீர்கள். பேசட்டும், அதில் பாதி உண்மைதானே. உழைத்துச் சம்பாதிப்பது குற்றமில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, நல்ல சம்பளமும் வருகிறது, அதனால் போகிறேன் என்று அவர் சொன்னால் நாலு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். குடும்பத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வாரமே திரையில் வந்து உட்கார்ந்தால், அந்தப் பேச்சைச் சமாளிக்க என்னிடமும் வழி இல்லை.

இன்று ராத்திரி அவர் ஒத்திகைக்கு உட்காரும் முன் அந்தப் பெட்டியை முன்னறைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். தூக்க அவரையும் கூப்பிடுங்கள். கேமராவை ஓரமாக வையுங்கள், விளக்கு இருக்கட்டும், படிக்க உதவும். பத்து மனுவையாவது அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும். விவாதத்தில் அவ்வளவு நன்றாகப் பேசுகிற குரல், இதை எப்படிப் படிக்கிறது என்று கவனியுங்கள். படித்து முடித்த பிறகு, சேனலுக்கு இரண்டு வருடம் தவணை கேட்பீர்களா என்று அவரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகும் போகிறேன் என்றால் அது அவர் முடிவு, கட்டிப்போட முடியாது. ஆனால் பெட்டியைக் காலி செய்யாமல் அவர் வாசல் தாண்ட நீங்கள் விடக் கூடாது. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்: இதுவரை என்ன நடந்தது, எந்த அலுவலகத்தில் நிற்கிறது, இனி யாரைப் பார்க்க வேண்டும் என்று. முடியாததை முடியாது என்றே எழுதச் சொல்லுங்கள். மனுக்களின் பட்டியல் ஒன்று அடுத்து வருபவருக்காகக் கட்டி வைக்கப்பட வேண்டும். அடுத்த மாதத்துக்குள் இதை முடிக்க முடியாது என்றால் சேனல் காத்திருக்கட்டும். அறிக்கையில் குடும்பம் என்ற சொல் வரக் கூடாது. அவர் அதைப் படிக்கிற நேரத்தில் நீங்களும் பிள்ளைகளும் வீட்டில் இருங்கள்.

பெட்டியில் எத்தனை மனு இருந்தது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.