அப்பாவின் நோய்க்குப் புகைப்பழக்கமா காரணம்?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 74. மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. முதலில் காசநோய் என்று சந்தேகப்பட்டார்கள். திசு எடுத்துச் சோதித்த பிறகு மீசோதெலியோமா என்றார்கள். அப்பா 1974 முதல் 1981 வரை ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றும் வேலை பார்த்தவர். சிகரெட்டும் பிடித்தார். அதனால்தான் இந்த நோய் வந்தது என்று உறவினர்கள் அவர் முன்னாலேயே பேசுகிறார்கள். அவருடைய வேலை உடைகளை அம்மாதான் துவைப்பார். அம்மாவுக்கும் வருமா, டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறவினர்கள் சொல்வது தவறு. புகைப்பழக்கம் மீசோதெலியோமாவை உண்டாக்குவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் சிகரெட் புகையும் ஒருவருக்குள் சேரும்போது பன்மடங்கு உயர்வது நுரையீரல் புற்றுநோயின் அபாயம். அது வேறு நோய். உங்கள் தந்தைக்கு வந்திருப்பது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் தோன்றும் புற்றுநோய். இதை அவர் காதில் விழும்படி எல்லோரிடமும் சொல்லுங்கள். நோயின் வேதனையோடு செய்யாத குற்றத்தின் சுமையையும் அவர் ஏன் சுமக்க வேண்டும்?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது பாறையிலிருந்து வெட்டியெடுக்கப்படும் நார்க்கனிமம். தீயில் எரியாது, சூட்டைக் கடத்தாது என்பதால்தான் அதைக் கொதிகலன்களுக்குப் போர்வையாகச் சுற்றினார்கள். அறுக்கும்போதும் கலக்கும்போதும் பறக்கும் அதன் நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியவை. ஆகவே மூக்கும் தொண்டையும் வடிகட்டாமல் விட்டுவிட, மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை இறங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாக உறையைச் சென்றடைகின்றன. உள்ளே நுழையும் எந்தத் தூசியையும் விழுங்கி அப்புறப்படுத்துவதற்கென்றே நம் உடலில் சில அணுக்கள் (செல்கள்) இருக்கின்றன. ஆனால் நாரின் நீளம் அந்த அணுவின் நீளத்தையே மிஞ்சிவிடும்போது, அதனால் நாரை முழுதாக விழுங்கவும் முடியாமல், விடவும் முடியாமல், நாரைக் கரைப்பதற்காக வைத்திருக்கும் வேதிப்பொருள்களை அது சுற்றிலும் கொட்டிவிடுகிறது. நார் கரைவதில்லை, பக்கத்தில் இருக்கும் நல்ல அணுக்கள்தான் புண்படுகின்றன. நீல, பழுப்பு நிற ஆஸ்பெஸ்டாஸில் உள்ள இரும்புச்சத்து இந்தச் சேதத்தை மேலும் கூட்டுகிறது. அவை ஊசிபோல் நேராக இருப்பதால் பல பத்தாண்டுகள் அப்படியே தங்கிவிடவும் செய்கின்றன. வெள்ளை வகை ஓரளவு விரைவாக வெளியேறினாலும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

வேலையை விட்டு 40 ஆண்டுகள் கழித்து எப்படி என்று பலரும் வியக்கிறார்கள். வேலையைத்தான் அவர் விட்டார். நார் அவரை விடவில்லை. ஆறாத அழற்சியில் உறையின் அணுக்கள் அழிவதும் புதிதாகப் பிறப்பதுமாக ஆண்டுகள் கழிய, அணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. அதனால்தான் முதல் தூசிக்கும் நோய்க்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் இடைவெளி இருக்கிறது. நம் நாட்டில் நுரையீரலைச் சுற்றி நீர் கண்டால் முதலில் காசநோயை நினைப்பது நியாயமே; ஆனால் ஒரு முதியவரிடம் அவர் இளமையில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்க மருத்துவர்களாகிய நாங்கள் பல நேரங்களில் தவறிவிடுகிறோம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

சிகிச்சை பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும்: இந்த நோய் முழுமையாகக் குணமாவது மிக அரிது. நீரை வடித்து மீண்டும் சேராமல் தடுத்தாலே மூச்சுத்திணறல் நன்றாகக் குறையும். பெமெட்ரெக்செட் என்னும் கீமோதெரபி மருந்துடன் பிளாட்டினம் வகை மருந்து, அல்லது நிவோலுமாப், இபிலிமுமாப் ஆகிய நோயெதிர்ப்பு மருந்துகள், அவர் உடல்நிலைக்குத் தகுந்தால் வாழ்நாளை நீட்டிக்கக்கூடும். வலியைத் தணிக்கும் பராமரிப்பை முதல் நாளிலிருந்தே கேளுங்கள். அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியதன்று.

இன்னொன்றையும் தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமா தொழில்சார் நோய். பழைய சம்பளச் சீட்டு, வேலை அட்டை, உடன் வேலை பார்த்தவர்களின் எழுத்துமூல வாக்குமூலம் என்று கிடைப்பதையெல்லாம் திரட்டி, திசுச் சோதனை அறிக்கையோடு சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போங்கள். வேலையை விட்டு நெடுங்காலம் ஆகிவிட்டதே என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ள வேண்டாம். உரிமை உண்டா இல்லையா என்பதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும்.

அம்மாவைப் பற்றிய உங்கள் அச்சம் வீணானதன்று. தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய சக மருத்துவர்களும் 1960இல் வெளியிட்ட 33 மீசோதெலியோமா நோயாளிகளின் விவரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் இறங்கியே இராமல் அதன் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். 1965இல் லண்டனில் வெளிவந்த ஆய்வில், கணவரின் வேலை உடைகளைத் துவைத்த மனைவியரும் இந்நோய்க்கு ஆளானது பதிவாகியிருக்கிறது. ஆயினும் அப்படித் துவைத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. அறிகுறி எதுவும் இல்லாதபோது ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதால் பயனும் இல்லை. மூச்சு வாங்குதல், ஒரு பக்கமாக நெஞ்சுவலி, காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் வந்து சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்போது, ஏழு ஆண்டுகள் அந்த உடைகளை உதறித் துவைத்தவர் இவர் என்பதை, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.