கிண்டிலும் அப்பாவின் கவிதைகளும்

அன்பின் ஐயா,

கனடாவிலிருந்து அண்ணன் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவி அனுப்பினார். ஈபப் என்ற மின்னூல் கோப்பை வயர் போட்டு ஏற்றினேன், புத்தகம் காட்டவே இல்லை. பீடிஎஃப் திறக்கிறது, எழுத்து எறும்பு போல இருக்கிறது. இன்னொன்றில் சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்கிறது, கண்முன்னே அந்தச் சொல் நிற்கிறது. தமிழுக்கு மின்னூல் சரிவராது போலும். வேறு எந்தக் கருவி வாங்கலாம்? காலமான அப்பாவின் கவிதைகளும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தபடி பழைய கணினியில் கிடக்கின்றன. அவற்றையும் இதில் வாசிக்க ஆசை.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியர்

அன்பின் தம்பி,

கருவி வாங்க வேண்டாம். வயர் வழியாக ஏற்றும் ஈபப்பைக் கிண்டில் காட்டாது. கிண்டிலுக்கென்று தரும் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள், 2022 முதல் ஈபப்பை அதுவே மாற்றிக்கொள்கிறது. இல்லாவிட்டால் காலிபர் என்ற இலவச மென்பொருளில் மாற்றி ஏற்றலாம். ஏ4 தாளுக்கு அமைத்த பீடிஎஃப் ஆறு அங்குலத் திரையில் எறும்பாகத்தான் தெரியும். அது தாளின் படம், விட்டுவிடுங்கள்.

‘தமிழுக்குச் சரிவராது’ என்றீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படிப்பிக்கிறவர் இப்படி எழுதலாமா? சொல் கண்முன்னே நின்றும் அகப்படாததற்குக் காரணம் பாமினி. அதில் ‘அம்மா’ என்று தட்டினால் கோப்புக்குள் போய் உட்காருவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலே தமிழ்ச் சட்டை, உள்ளே ஆங்கில எழுத்து. எழுத்துருவைக் கழற்றினால் அம்மா இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991 முதல் இடம் இருக்கிறது. இருந்தும் நம் மாவட்டத்து எழுத்தாளர்கள் எனக்கு இன்றும் பாமினிக் கோப்பு அனுப்புகிறார்கள். கேட்டால், ‘அச்சகத்தில் அதுதான் கேட்கிறாங்க’. அச்சகம் கேட்டால் ஒரு பிரதி அதற்குக் கொடுங்கள், யூனிகோடில் ஒன்றை வீட்டில் வையுங்கள் என்று எத்தனை கூட்டத்தில் தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன்!

என் பெரியப்பா பாண்டிருப்பில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். 1978 கார்த்திகைச் சூறாவளியில் அவருடைய கூத்துக் கொப்பி நனைந்து ஊறிப்போனது. வெயிலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்து, புதுக் கொப்பியில் முழுவதையும் திரும்ப எழுதினார். பின்னால் நின்று பாடும் பிற்பாட்டுக்காரர் எடுக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் சிவப்பு மை. 2003இல் அதை நான் ஓர் அச்சகத்தில் கொடுத்துப் பாமினியில் அடிப்பித்துச் சீடியில் வாங்கினேன். அடுத்த வருடம் மார்கழியில் கடல் வந்தது. பெரியப்பாவும் இல்லை, கொப்பியும் இல்லை. கல்முனையில் மச்சாளின் அலுமாரியில் அந்தச் சீடி மட்டும் மிஞ்சியது.

பல வருடம் கழித்து அதை யூனிகோடுக்கு மாற்றினேன். காற்புள்ளி இருந்த இடமெல்லாம் ‘இ’ என்று வந்தது. ‘கல்லாறுஇ களுதாவளைஇ குருக்கள்மடம்’ என்று நம் ஊர்ச் செய்திகளில் பார்த்திருப்பீர்களே, அதே நோய்தான். ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு மாரிகாலம் போனது. திருத்தி முடித்த பிறகுதான் மற்றது தெரிந்தது: சிவப்பு மை எங்கேயும் இல்லை. தட்டச்சு செய்த பிள்ளை எல்லாவற்றையும் கறுப்பில் அடித்திருக்கிறாள், நானும் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறேன். விருத்தம் இருக்கிறது, தரு இருக்கிறது. பிற்பாட்டு எந்த அடியில் ஏறும் என்று கேட்க எனக்கு ஆளில்லை.

ஒரு கடையில் வாங்கிய நூல் இன்னொரு கருவியில் திறக்காத பூட்டைப் பற்றியும் கேட்பீர்கள். அது வியாபாரிகள் போட்ட பூட்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். அப்பாவின் கணினியை யாரும் பூட்டவில்லை. அது இயங்கும்போதே, இந்தக் கிழமையே, கோப்புகளைப் பென்டிரைவில் எடுங்கள். வருகிற போயா விடுமுறைக்கு, பௌர்ணமியன்று, கல்லாற்றுக்கு வாருங்கள், மாற்றித் தருகிறேன். திருத்த உட்காரும்போது அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அப்பா வாசித்துக் காட்டும்போது எங்கே நிறுத்துவார் என்று அவரிடம் கேட்டுக் கேட்டுப் போடுங்கள்.