மனச்சோர்வுக் குளிசை போடுபவர் கம்பனியின் போதைப்பொருள் பரிசோதனைக்குப் போகும்போது

களுவாஞ்சிக்குடியிலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒன்பது மாசமா கிளினிக்கில தந்த செர்ட்ரலின் 50 மில்லிகிராம் காலையில ஒண்டு போடுறன். இரவில நித்திரை வராட்டி மட்டும் குளோனசிபாம் அரைக் குளிசை. இப்ப அபுதாபியில கனரக வாகனச் சாரதி வேலை சரிவந்திருக்கு. இன்னும் ஐந்து கிழமையில கொழும்பில மெடிக்கல். அதோட சலம் எடுத்து போதைப்பொருள் டெஸ்டும் செய்வாங்களாம். சப் ஏஜென்ட் 'ரெண்டு கிழமைக்கு முதலே எல்லாக் குளிசையையும் நிப்பாட்டு, ஒருத்தரிட்டயும் மூச்சு விடாத' எண்டு சொல்றார். நிப்பாட்டட்டா?"

நிப்பாட்ட வேண்டாம். உங்கள் கையில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு மருந்துகள். செர்ட்ரலின் மனச்சோர்வுக்கான மருந்து, குளோனசிபாம் முற்றிலும் வேறு வகை. இரண்டையும் ஒரே பையில் போட்டு 'மனநோய்க் குளிசை' என்று பேசுவதால்தான் இந்தக் குழப்பம் எல்லாம்.

முதலில் செர்ட்ரலின். கம்பனிகள் எடுக்கும் வழமையான சலப் பரிசோதனை தேடுவது கஞ்சா, அபின் வகை, கொக்கெயின், அம்பெட்டமின் வகை (ஐஸ் இதற்குள் வரும்) போன்றவற்றை. பட்டியல் நீண்டால் பென்சோடயசிபின் (நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஒரு மருந்து வகை), பாபிட்டியூரேட், மெதடோன் என்று சேரும். செர்ட்ரலினை யாரும் தேடுவதில்லை. அது போதை தருவதும் இல்லை.

பிறகு ஏன் பயம்? ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. முதல் கட்டச் சோதனை மருந்தை நேரே அடையாளம் காண்பதில்லை. சந்தையில் பின்னால் நின்று சட்டையைப் பார்த்துவிட்டு 'மச்சான்' என்று தோளில் தட்டுவோமே, அந்த மாதிரித்தான் அது வேலை செய்கிறது. ஆள் திரும்பினால் வேறு யாரோ. செர்ட்ரலின் போடுகிறவர்களில் சிலருக்கு, அந்த முதல் கட்டத்தில் பென்சோடயசிபின் இருப்பதாகப் பொய்யாகக் காட்டியிருக்கிறது. மருந்துடன் வரும் தகவல் தாளிலேயே இந்த எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. அதே தாளில் இன்னொன்றும் இருக்கிறது: மருந்தை நிறுத்திய பிறகும் சில நாட்களுக்கு அந்தப் பொய் விடை வரலாம். ஆகவே கடைசி நேரத்தில் இரண்டொரு நாள் நிறுத்திப் பார்ப்பதில் பயன் இல்லை. இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தினால் நீங்கள் கொடுக்கும் விலை பெரிது.

அந்த விலை என்னவென்றால், செர்ட்ரலின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 26 மணித்தியாலம் எடுக்கும். திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்று, குமட்டல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் மின்சாரம் தாக்கினாற் போல ஒரு வெட்டு என்று தொடங்கலாம். எல்லோருக்கும் வராது. வந்தால், கல்முனையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ இரவு பஸ் ஏறி விடிய வெள்ளவத்தையில் இறங்கி, வெறும் வயிற்றோடு மெடிக்கலுக்கு வரிசையில் நிற்கும்போதும் அது விட்டுப் போகாமல் இருக்கலாம். அங்கே பிரஷர் கூடலாம், கை நடுங்கலாம். சாரதி வேலைக்கு வந்தவரின் கை நடுங்கினால் வைத்தியர் என்ன எழுதுவார்? அதைவிடப் பெரியது, ஒன்பது மாதம் பாடுபட்டு மீண்ட சோர்வு திரும்பவும் வந்துவிடும் ஆபத்து. அது இரண்டு கிழமையில் முகம் காட்டாது. அபுதாபியில் தனி அறையில் இருக்கும்போது காட்டும்.

இப்போது இரவுக் குளிசை. இதில்தான் கவனம் வேண்டும். குளோனசிபாம், டயசிபாம், அல்பிரசோலாம் மூன்றும் உண்மையான பென்சோடயசிபின்கள். இவை சோதனையில் வந்தால் அது பொய் விடை அல்ல. 'அரைக் குளிசைதானே, எப்போதாவது ஒருநாள்தானே' என்று பலர் நினைக்கிறார்கள். சலத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அரைக் குளிசையும் நாட்கணக்கில் நிற்கும். டயசிபாம் நீண்ட காலம் போட்டவருக்கு கிழமைக் கணக்கில் நிற்கும். பலருக்கு நித்திரைக் குளிசை எது, மனச்சோர்வுக் குளிசை எது என்பதே தெரியாது, ஏனென்றால் பாமசியில் இரண்டையும் ஒரே கடதாசி உறையில் போட்டு 'காலை 1, இரவு 1/2' என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். பெயரை எழுத அரை நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாத அலட்சியத்தால் ஒருவரின் வேலையே போகலாம்.

உங்களுக்கு ஐந்து கிழமை இருக்கிறது, அது நல்ல அவகாசம். இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய், குளோனசிபாமை இனியும் வைத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். இந்த வகைக் குளிசை பெரும்பாலும் தொடக்கத்து இரண்டு முதல் நாலு கிழமைக்காகக் கொடுப்பது. செர்ட்ரலின் பிடிக்கும் வரைக்கும் ஒரு ஊன்றுகோல். பிறகு யாரும் கேட்காததால் அது கொப்பியில் மாதா மாதம் பிரதியாகிக்கொண்டே போகும். வைத்தியர் நிறுத்தச் சொன்னால், அவர் சொல்லும் வேகத்தில் நிறுத்துங்கள். தினமும் போட்டுப் பழகியவர் தானாக ஒரேயடியாக விட்டால் வலிப்புக்கூட வரலாம். தேவை என்று வைத்தியர் சொன்னால், போட்டுக்கொண்டே போகலாம். அப்போது கடிதத்தில் அது முதல் வரியில் இருக்க வேண்டும்.

அந்தக் கடிதம்தான் உங்கள் கவசம். மாத மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது அவசரத்தில் எழுதிய துண்டு உதவாது. தலைப்புத் தாளில், ஆங்கிலத்தில், தட்டச்சில் கேளுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரும் இலக்கமும், மருந்தின் பொதுப் பெயர் (வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்), அளவு, எப்போது தொடங்கியது, இப்போது நிலை சீராக இருக்கிறது, கனரக வாகனம் ஓட்டத் தடையில்லை என்ற வாக்கியம், வைத்தியரின் கையொப்பம், முத்திரை, மருத்துவ சபைப் பதிவு இலக்கம், திகதி. திகதி மெடிக்கலுக்கு ஒரு மாதத்துக்குள் இருக்கட்டும். உளநல வைத்திய நிபுணரின் கையொப்பம் சிறந்தது. உங்கள் கிளினிக்குக்கு அவர் எப்போது வருவார் என்று கேட்டு வையுங்கள், கிடைக்காவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு மாற்றுக் கடிதம் வாங்குங்கள். அம்பாறைப் பக்கத்து வாசகர்களுக்கும் இதே வழிதான். ஒரு கடிதத்துக்காக ஒருவர் இரண்டு மூன்று நாள் கூலியை இழக்க வேண்டியிருப்பது அநியாயம். ஆனாலும் அலையுங்கள்.

வளைகுடா நாடுகளின் மருத்துவத் தகுதி விதிகளில் மனநோய் ஒரு தலைப்பாகவே இருக்கிறது. குணமாகி வேலை செய்துகொண்டிருப்பவருக்கும் நோய் முற்றியவருக்கும் அந்தத் தலைப்பு வித்தியாசம் பார்ப்பதில்லை. பிரஷர் குளிசை போடுபவரை ஏற்றுக்கொள்ளும் கம்பனி செர்ட்ரலின் என்றதும் புருவத்தை உயர்த்துவதற்கு மருத்துவத்தில் ஒரு நியாயமும் கிடையாது. இருந்தாலும் படிவத்தில் 'மருந்து எதுவும் பாவிப்பதில்லை' என்று பொய் எழுதிக் கையொப்பம் வைக்காதீர்கள். மருந்தை எழுதிவிட்டுக் கடிதத்தையும் இணைத்தவருக்குப் பேச இடம் இருக்கிறது. மறைத்துவிட்டுப் பின்னால் அகப்பட்டவர், வாதாட இடமில்லாமல் கொந்தராத்தை இழந்து திரும்புகிறார்.

சப் ஏஜென்ட் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 'மூச்சு விடாத' என்று சொல்வது உங்கள் நன்மைக்காக அல்ல. நீங்கள் விமானம் ஏறினால் அவருக்குத் தரகு. இரண்டு மாதத்தில் திருப்பி அனுப்பினால் நட்டம் உங்களுக்கு. இவர்கள் விற்கும் மூன்று சரக்குகளை இனம் கண்டுகொள்ளுங்கள். ஒன்று, 'உடம்பைக் கழுவும்' பானம். அதை நம்பிக் குடிக்காதீர்கள். இரண்டு, 'மூன்று லீற்றர் தண்ணி குடிச்சிட்டுப் போ' என்ற உபதேசம். சலத்தில் இயல்பாக இருக்கும் கிரியெட்டினின் என்ற கழிவுப் பொருள் ஒரு டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆய்வுகூடம் அதை 'நீர்த்த மாதிரி' என்று குறித்துவிடும். குற்றம் ஏதும் செய்யாத நீங்கள் சந்தேக நபராக ஆகிவிடுவீர்கள். மூன்று, வேறு ஆளின் சலம். கொடுத்து நாலு நிமிடத்துக்குள் வெப்பநிலை 32 முதல் 38 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகவே கோப்பையில் வெப்பப் பட்டி ஒட்டியிருக்கிறது. அகப்பட்டால் அது மோசடி, மருந்துப் பிரச்சினை அல்ல.

'மெடிக்கல் பாஸ் பண்ணித் தாறன்' என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பாஸ்போட்டை அவர் கையில் விட்டு வைக்காதீர்கள். முகவர் நிலையத்தின் உரிமப் பத்திர இலக்கத்தைக் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். இலக்கத்தைச் சொல்லத் தயங்குகிறவரோடு பேச்சு வேண்டாம்.

மெடிக்கலுக்கு முந்திய கிழமை வேறு சில பொருட்களிலும் கவனம் வேண்டும். கொழும்பு பஸ்ஸுக்கு என்று பலர் போடும் வாந்திக் குளிசைகளில் பிரோமெதசின் உண்டு. அது சில கருவிகளில் அம்பெட்டமின் போலக் காட்டும். பஸ்ஸில் முன் சீட்டில் இருந்து சமாளிக்கப் பாருங்கள். தடிமனுக்குப் போடும் சூடோஎபெட்ரினும் அப்படியே. கொடீன் கலந்த இருமல் பாணி உண்மையாகவே அபின் வகையாக வரும். நாரி நோவுக்கு ட்ரமடோல் போடுகிறவர்கள் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள், அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 'ஆயுர்வேதம்தானே' என்று கடையில் விற்கும் மதன மோதகத்தைத் தொடவே வேண்டாம். அதில் கஞ்சா இருக்கிறது, கஞ்சா என்றே வரும். இந்தியக் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கசகசாவுக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது அபின் செடியின் விதை. நம் ஊரில் சர்பத்திலும் பலூடாவிலும் மிதப்பது துளசி இனத்து விதை, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பரிசோதனை நாளில் செர்ட்ரலினை வழமையான நேரத்தில் போடுங்கள். ஒரு கோப்பை தண்ணீர் போதும். சலம் கொடுக்க முன்பே, மருந்துகளுக்கான இடத்தில் பெயர்களை எழுதுங்கள். இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதி, கடிதப் பிரதியை இணைத்து, படிவத்தைக் கைபேசியில் படம் எடுங்கள். போத்தலை உங்கள் முன்னால் மூடி முத்திரையிடச் சொல்லுங்கள், ஒட்டுத் தாளில் உள்ள இலக்கமும் படிவத்து இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

சில இடங்களில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் பட்டியை நனைத்து உங்கள் முன்னாலேயே பார்ப்பார்கள். அதில் 'சி' என்றும் 'டி' என்றும் இரண்டு இடம். கர்ப்பப் பட்டியில் இரண்டு கோடு வந்தால் 'இருக்கிறது'. இதில் நேர்மாறு. இரண்டு கோடும் வந்தால் போதைப்பொருள் 'இல்லை'. 'டி' கோடு வராவிட்டால்தான் சந்தேகம். கோடு மங்கலாக, பென்சிலால் மெல்லக் கீறியது போல இருந்தாலும் அது கோடுதான், விடை 'இல்லை'தான். 'சி' கோடே வராவிட்டால் பட்டி பழுது, வேறு பட்டி எடுக்க வேண்டும். பட்டியின் உறையில் எழுதிய நேரத்தில், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில், பார்க்க வேண்டும். மேசையில் கிடந்து காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் அது சோதனை அல்ல. மங்கல் கோட்டை 'கொஞ்சம் இருக்கு' என்று வாசிக்கும் ஊழியரிடம், உறையிலுள்ள அறிவுறுத்தலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

பென்சோடயசிபின் 'உண்டு' என்று வந்துவிட்டால், ஏற்றுக்கொண்டதாக எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம். இது முதல் கட்ட விடை மட்டுமே. அதே மாதிரியை உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதன் பெயரை ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள்: 'மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி'. அது ஆளைத் திருப்பி முகத்தைப் பார்க்கும் சோதனை. எந்த மருந்து, எவ்வளவு என்று பெயரோடு சொல்லும். செர்ட்ரலினால் வந்த பொய் விடை அங்கே விழுந்துவிடும். குளோனசிபாம் வந்தால் உங்கள் கடிதம் பேசும். புதிதாக வேறு சலம் கொடுக்கச் சொன்னால், பழைய மாதிரியை வீசவில்லை என்று உறுதி செய்துவிட்டே கொடுங்கள். உறுதிச் சோதனைக்குக் காசு கேட்கலாம். கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சந்தேகத்தைக் கிளப்பியது அவர்களின் பட்டி, காசு கட்டுவது நீங்கள். இந்த முறை மாற வேண்டும், ஆனால் உங்கள் மெடிக்கலுக்கு முன் மாறாது.

பயணத்துக்கு முன் ஒரு வேலை மிச்சம். அமீரகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து கொண்டுபோக அந்நாட்டு அதிகாரிகளிடம் இணையவழியில் முன் அனுமதி எடுக்க வேண்டும். உளநல மருந்துகள் பலவும் அந்தப் பட்டியலில் வருவதால் செர்ட்ரலினையும் விண்ணப்பத்தில் சேருங்கள். குளோனசிபாமை அனுமதி இல்லாமல் பையில் வைத்துக்கொண்டு இறங்கினால், வைத்தியர் தந்தது என்று விமான நிலையத்தில் விளக்க முடியாது. குளிசைகளைப் பட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போடாமல், பெயர் தெரியும் பட்டையோடும் பெட்டியோடும் கைப்பையில் வையுங்கள். கடிதத்தில் ஒரு பிரதி அதோடு, ஒன்று உடுப்புப் பெட்டியில், ஒன்றின் படம் வீட்டாரின் கைபேசியில்.

இடையில் நித்திரை போய், மனம் கனத்தால் கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.